வீல் ஸ்டட்டுக்கு முலாம் பூசியவர்

டிங்.

அவ்வளவுதான் சத்தம். நேற்று மத்தியானம், சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் இப்போது இருக்கிற வீட்டுச் சமையலறையில், யாரும் தொடாத கண்ணாடித் தம்ளர் ஒன்று அலமாரியில் வைத்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. கீழே விழவில்லை, இடிபடவில்லை. காலையில் பட்ட வெந்நீரின் சூட்டை உள்ளேயே வைத்துக் கறுவிக்கொண்டிருந்து, தனக்குத் தோதான நேரம் பார்த்து உடைந்துகொண்டது. நான் கரண்டியும் கையுமாக நின்றேன். வெளியே ஏர்க்காட்டு ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றி முனகிக்கொண்டு போனது. முன்அறையில் செய்தித்தாள் சரசரப்பது ஒரு கணம் நின்று, மறுபடி சரசரத்தது.

அவருக்கும் கேட்டிருக்கிறது. அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் பழையது. கேட்டும் கேட்காதவர்போல் தாளைப் புரட்டுவதும் அவருக்குப் பழையதுதான்.

அவர் என்பது என்னைக் கட்டிக்கொண்டவர். எங்கள் பக்கத்தில் திட்டுவதானாலும் மரியாதை குறையாமல்தான் திட்டுவோம். ஆகவே இதை முடிக்கும்வரை அவர் அவராகவே இருக்கட்டும். நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே நிலமும், நிலத்தைவிடப் பெரிய பேச்சும், வாசல் நிறைய லாரிகளும் வைத்திருந்த வீட்டுக்கு மூத்தவர். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் கோயம்புத்தூர் போனவர், ஒரு லாரியின் முதுகில் சிவப்பாக எதையோ ஏற்றிக்கொண்டு திரும்பினார். பெட்டைக்கோழி முட்டையிட்ட மாதிரி ஊர் முழுக்கச் சத்தம். பார்த்தால் கார். ஏதோ மில் வீட்டுப் பிள்ளை அலுத்துப்போய் விற்றது. சின்னக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து, கூரையும் கதவும் இல்லாமல், இரண்டு பேர் மட்டும் குந்துகிற மாதிரி செய்திருந்தார்கள். சென்னைக்கு வடக்கே, சண்டைக் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பந்தயத்தில் அது ஓடும். ஓடினால் அவர் பெயர் ஒலிபெருக்கியில் வரும். அதற்குத்தான்.

ஓட்டப்போவது அவர் இல்லை. ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே அவருடைய வயிறு அடங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டால் அடங்கும். பந்தயம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் என் தம்பி ஓட்டினான். அப்பா போன பிறகு என்னோடேயே வந்து இருந்து, இவருடைய லாரிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டும், டிரைவர் வராத நாளில் எடுத்து ஓட்டிக்கொண்டும் இருந்தவன். மெலிந்த உடம்பு. லாரியில் உட்கார்ந்தால் தூங்குகிறவன் மாதிரி இருப்பான். அந்தச் சிவப்பு வண்டிக்குள் இறங்கினால் மட்டும் அவன் முகம் பாறையிடுக்கில் தண்ணீர் கண்ட முகமாகிவிடும். முதல் வருஷம் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தான். இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பந்தயத்திலிருந்து அவன் கொண்டுவந்தது ஒரே ஒரு குறை. அந்த வண்டியின் சக்கரங்களை போல்ட் போட்டு மாட்ட வேண்டும். சக்கரத்தை முழங்காலில் தாங்கிப் பிடித்து, துளைக்கு நேராகத் துளையைத் தேடி, போல்ட்டை ஒவ்வொன்றாக உள்ளே திருக வேண்டும். பந்தயத்தில் டயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினால், திருகித் திருகி மரையே தேய்ந்துபோகும். லாரியில் இருப்பதுபோல், சக்கரம் உட்காரும் ஹப்பிலிருந்து ஆணிகள் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரத்தைத் தூக்கி அதில் மாட்டிவிட்டு நட்டை மட்டும் முடுக்கிவிடலாம். அந்த ஆணிக்கு ஸ்டட் என்று பேர். போதாததற்கு அகலமான சக்கரங்கள் வேறு வாங்கியாயிற்று. பழைய போல்ட்டுக்கு நீளமும் எட்டவில்லை.

"ஸ்டட் போட்டரலாமுங்க மாமா. நட்டுக்கு வெளிய ரெண்டு மரை தெரியற நீளம் இருந்தாப் போதும். நல்ல கருப்பு ஸ்டட்," என்றான் தம்பி.

போல்ட் கடை வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். நாமக்கல்லில் அப்பா கடை முழுக்கக் கருப்பு. கருப்பு போல்ட், கருப்பு நட்டு, அவற்றின் மேல் மினுங்கும் எண்ணெய்ப் பசை. பள்ளிக்கூடத்தில் என் நோட்டுப் பக்கங்களில் எல்லாம் என் கட்டைவிரலின் அச்சு இருக்கும். எஃகு எந்த நிறத்தில் இருந்தால் அதை நம்பலாம் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று கைக்குத் தெரிகிற மாதிரி தெரியும்.

அவருக்குக் கருப்பு ஆகாது. அந்தக் குடும்பமே அப்படி. மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசியது. மாடு போய் லாரி வந்ததும் லாரிக்கும் அதையே செய்தது. கூரைமேல் கிரீடம், கண்ணாடிக்குப் புருவம், வீல் நட்டுக்கு ஒன்றுவிட்டு ஒன்று மஞ்சளும் சிவப்பும். ஓடுகிற எதையும் சிங்காரிக்காமல் விட்டால் கண் பட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. சிங்காரித்தால்தானே கண் படும் என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஸ்டட் எப்படி இருக்க வேண்டும் என்று லாரி ஷெட்டில் ஒரு சபை கூடியது. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் நின்றேன். மூன்று நாற்காலிகளில் அவரும் அவருடைய சிநேகிதர்கள் இருவரும். காரைப் பற்றி அந்த மூன்று பேருக்கும் தெரிந்தது எல்லாம், அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தால் எந்தப் பக்கம் முகம் நன்றாக விழும் என்பதுதான்.

"லாரி ஸ்டட் தடிமன் போடோணும்," என்றார் ஒருவர்.

"அத்தனை பெரிய துளை போட்டா ஹப்புல ஒண்ணும் மிஞ்சாதுங்க," என்றான் தம்பி.

"அப்ப இடது பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாத் திருகற இடது மரை. லாரியில அப்படித்தான?" என்றார் மற்றவர்.

"சின்ன வண்டிக்கு அது வேண்டியதில்லீங்க. அவசரத்துல நட்டு மாறிப்போகும்."

இவர் கையை உயர்த்தினார். சபை அடங்கியது. "தடிமன் வேண்டாம். மரையும் எப்படியோ போகட்டும். ஆனா கெட்டியா இருக்கோணும். கெட்டின்னா கெட்டி. அப்புறம், பளபளன்னு இருக்கோணும் மாப்ள. சக்கரம் சுத்தறப்ப வெள்ளிக்காசு சுத்தற மாதிரி தெரியோணும்."

"சுத்தறப்ப ஆணி கண்ணுக்கே தெரியாதுங்க மாமா."

"நிக்கறப்பத் தெரியுமல்ல?"

தம்பி காப்பித் தம்ளர்களைப் பொறுக்கி என் தட்டில் வைத்தான்.

லேத் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். எது கேட்டாலும் 'செஞ்சரலாமுங்க' என்பார். தேருக்கு அச்சு வேண்டும் என்றாலும் செஞ்சரலாமுங்க, மூக்குத்திக்குத் திருகு வேண்டும் என்றாலும் செஞ்சரலாமுங்க. மறுத்துப் பேசி அவர் வாய் பழகவில்லை. நல்ல எஃகுக் கம்பியைக் கடைந்து, மரை வெட்டி, நெருப்பில் வைத்துக் கெட்டிப்படுத்தி டெம்பர் ஏற்றும் இடத்தில் இவரிடம் கேட்டாராம்.

"எவ்வளவு டெம்பர் வெக்கட்டுமுங்க மொதலாளி?"

"அரம் போட்டா அரம் அழுவோணும்."

"அழுவ வெச்சரலாமுங்க."

இதை இவரே வீட்டுக்கு வந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அரம் அழுகிற அளவுக்குக் கெட்டியான எஃகு வளைந்து கொடுக்காது, கண்ணாடி மாதிரி ஒரேயடியாகத்தான் போகும் என்பது இரும்புக் கடையில் விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரியும். சொன்னேன். "உங்கொப்பன் கடையில நட்டு வித்தாரு. நான் ரேஸ் கார் வெச்சிருக்கறன்," என்றார். அதற்குமேல் ஒரு நீதிமன்றம் உண்டா?

அடுத்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. அன்றைக்கு எனக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது; அவருக்கு ஸ்டட்டுக்கு நிக்கல் முலாம் போட வேண்டியிருந்தது. ஒரே காரில் போனோம், ஊமைகள் மாதிரி. மளிகை மண்டிகளின் மிளகாய் நெடி தாண்டி உள்சந்துக்குள் திரும்பினால் கொலுசுப் பட்டறைகள். சாக்கடை வரை அமில வாடை. மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய்ப் பத்துப் பைசா நாணயம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சந்தின் முடிவில் முலாம் பூசுகிறவர். சைக்கிள் ஹேண்டில்பார், லாரி ஹார்னின் குழல், கல்யாண மண்டபத்துப் பன்னீர்ச்சொம்பு எல்லாம் தொட்டிக்கு மேலே கொடியில் தொங்கின.

முலாம்காரர் ஸ்டட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என்னங்க இது, ஊஞ்சல் மாட்டறதுக்குங்களா?"

"ரேஸ் காருக்கு."

"அப்புடிங்களா!" கிழிந்த பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, காருக்கே கைகொடுப்பதுபோல் அவருக்குக் கைகொடுத்தார். "அப்ப ஸ்பெசலாப் போட்டுத் தாரனுங்க. நெருப்புல வெந்து கருத்திருக்குது பாருங்க, அந்தக் கருப்பு முச்சூடும் போகோணும். ஆசிட்டுல நல்லா ஊறினாத்தான் நிக்கல் புடிக்கும்."

"ஊறட்டும். காலையில வரைக்கும் ஊறட்டும். துளி கருப்பு இருக்கக் கூடாது."

"ஊறுகாயாட்டம் ஊறிருமுங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குக் கொலுசு தெரியும், ஒருவருக்கு லாரி தெரியும். இரண்டையும் கூட்டிக் காருக்கு ஆணி செய்துகொண்டிருந்தார்கள். வெகு காலம் கழித்துத்தான் எனக்கு விவரம் தெரிந்தது. கெட்டிப்படுத்திய எஃகை அமிலத்தில் ஊறவைத்து முலாம் பூசினால், அமிலத்திலிருந்து எழும் வாயு எஃகின் உள்ளே புகுந்து தங்கிக்கொள்ளும். உடனே சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். வைக்காவிட்டால், நட்டை முடுக்கி இழுவையில் நிறுத்தியதும் அந்த வாயு உள்ளுக்குள் விரிசல் தேடும். ஒரு மணி நேரம் தேடலாம், ஒரு வாரம் தேடலாம். அப்புறம் ஆணி தானாக ஒடியும். ஓட வேண்டியதில்லை, பாரம் ஏற வேண்டியதில்லை. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சீக்கிரம். ஊரிலேயே மிகக் கெட்டியான ஆணியை, ஊரிலேயே அதிக நேரம் அமிலத்தில் ஊறவைத்த பெருமை எங்கள் வீட்டுக்குத்தான்.

வந்த ஸ்டட்டுகள் அழகாக இருந்தன. அதைச் சொல்லத்தான் வேண்டும். மடியில் கொட்டினால் மீன்குஞ்சுகள். தம்பிகூட ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். பிறகு ஹப்புகளைக் கழற்றி, துளைகளை அளந்து பெரிதாக்கி, ஒவ்வொரு ஸ்டட்டையும் பின்பக்கமிருந்து நேராக நிறுத்திப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினான். சுத்தியால் அடித்தால் சாய்ந்து உட்கார்ந்துவிடும், நட்டைப் போட்டு முன்னாலிருந்து இழுத்தால் மரை கெட்டுவிடும், அதனால் பிரஸ். சக்கரத்துக்கு நான்கு. தலை ஹப்பின் முதுகோடு ஒட்டிப் படிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான். சக்கரத்தை மாட்டி, எதிரெதிர் மூலையாக நட்டுகளை முடுக்கினான். சிநேகிதர் ஒருவர் லாரிக்குப் போடுகிற நீளமான பைப்பைக் கொண்டுவந்து ஸ்பேனரில் செருகி, அதன்மேல் ஏறி நிற்கக் காலைத் தூக்கினார்.

"கால எடுங்கண்ணா. இது நெல்லு லோடு வண்டி இல்லீங்க," என்றான் தம்பி. சிநேகிதர் முகம் சுண்டிப்போய்க் காலை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அது நடந்தது. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். வெயில் ஷெட்டின் தகரத்தில் ஏறி நின்று, தகரம் மெல்ல முறுக்கிக்கொண்டிருந்தது. நான் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வெளியே வந்தேன்.

டிங்.

தகரம் போடுகிற சத்தமில்லை அது. தகரம் சோம்பல் முறிக்கும். இது ஒரு முடிவு எடுத்த சத்தம். ஷெட்டுக்குள் போனேன். சிவப்பு வண்டி அப்படியே நின்றது. இடது முன்சக்கரத்துக்குக் கீழே சிமெண்டில் ஒரு நட்டு, நட்டுக்குள் ஒடிந்த ஸ்டட்டின் துண்டு, இரண்டும் சேர்ந்து ஒரு மோதிரம் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தன. ஒடிந்த முகம் தட்டையாக, சாம்பலாக, சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி இருந்தது. முறுக்கிய அடையாளம் இல்லை, இழுபட்ட அடையாளம் இல்லை. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். இந்தச் சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்து, ஓடுதளத்தின் கோடியில், முகத்தில் காற்று அறையும் வேகத்தில் திரும்பப்போகிறவன் என் தம்பி.

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கும்வரை காத்திருந்தேன். துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஏனுங்க, வண்டி நின்ன இடத்துலயே ஒடஞ்சிருக்குது."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைப் போட்டு முடுக்க உடலையல்ல உன்ற தம்பி? அதான். லூசா இருந்திருக்குது. ஓடறப்ப ஆடி ஆடி ஒடஞ்சிருச்சு."

"அது ஓடவே இல்லீங்க. நேத்து மாட்டினது."

"ஆடிருக்கும்ங்கறேன்."

நிற்கிற வண்டி ஆடி ஒடிந்தது என்று ஒரு ஆண்பிள்ளை சொல்ல, அதை ஒருத்தி தண்ணீர்ச் சொம்போடு நின்று கேட்க வேண்டும். இதற்குப் பேர் குடித்தனம்.

மிச்சம் வைத்திருந்த இரண்டு ஸ்டட்டில் ஒன்றை அந்த இடத்தில் அழுத்தினார்கள். இந்தமுறை பைப் போட்டார்கள். சிநேகிதர் அதன்மேல் ஆசைதீர ஏறி நின்றார். அன்று பொழுது சாய்வதற்குள் பின்சக்கரத்தில் ஒன்று போனது. டிங். சபையே அங்கே இருந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். ஒருவர் பல்லி என்றார்.

தம்பியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். "கண்ணு, இதுல நீ உக்காராத. சொன்னாக் கேளு."

அவன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "கருப்பு ஸ்டட்டு போட்டுக்கலாமுன்னு மாமாகிட்டக் கேட்டேனக்கா. போட்டோ புடிக்கறவனுக்குச் சொல்லியாச்சாம்."

"அப்ப ஓட்டாத."

"இந்த ஒரு காருதானக்கா. இத உட்டா எனக்கு வேற காரு ஆரு குடுப்பா? மெதுவா ஓட்டிக்கறேன்."

"மெதுவா ஓட்டறதுக்கு அங்க எதுக்குடா போறே?"

சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அவன்மேலும் ஒரு கசப்பு வந்தது. இவனும் அந்தச் சபைக்கு இன்னொரு நாற்காலி போட்டுக்கொள்ளப்போகிறவன்தானே? வேகம் என்ற ஒரு சொல்லுக்காகத் தன் கழுத்தை இன்னொருவனுடைய மினுக்குக்கு அடகு வைக்கிறவன். ஆனாலும் தம்பி. அப்பாவின் கடையில் என் மடியில் உட்கார்ந்து வாஷர்களை நூலில் கோத்து மாலை செய்தவன். அவன் கழுத்து எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வாங்கிய வண்டியோ, பிரித்துப் பூட்டிய வண்டியோ, வேலைக்குப் போகும் முன்னால் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். கொல்லிமலை அடிவாரத்தில் கோயில். சேந்தமங்கலம் தாண்டிப் போக வேண்டும். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அந்த முதல் ஓட்டத்தை வண்டிக்கு உடையவர் தன் கையால் ஓட்ட வேண்டும். டிரைவரிடம் கொடுக்கக் கூடாது. லாரியானாலும் இவரே ஏறி, முக்கி முனகி, கோயில்வரை ஓட்டுவார். அதற்கு முந்தின வருஷம் இந்தக் காரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்தான் ஓட்டிப்போனார்.

பந்தயத்துக்காகக் காரை லாரியில் ஏற்றுவதற்கு முந்தின காலை. வாசலில் ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியாயிற்று. கார் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து மாலை போட்டு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். ஸ்டட் முனைகள் காலை வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. ராத்திரி இன்னொன்று போயிருந்தது. அந்த இடத்தில் பழைய ஸ்டட்டின் நட்டையே பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள், போட்டோவுக்கு. சிநேகிதரின் யோசனை. தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. ஷெட்டில் பேசியது சமையல்கட்டுக்குக் கேட்காதா? எனக்குத் தெரியும்.

கற்பூரம் காட்டியாயிற்று. நான் தட்டோடு அவருக்கு முன்னால் போய் நின்றேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, பவ்வியமாகச் சொன்னேன்.

"ஏனுங்க, நேரமாச்சு. ஏறுங்க. கோயில்வரைக்கும் நீங்கதான ஓட்டோணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்க்கவில்லை. கண் நேராக இடது முன்சக்கரத்துக்குப் போனது, அங்கிருந்து பின்சக்கரத்துக்கு, அங்கிருந்து ஒட்டி வைத்த நட்டுக்கு. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். அந்த ஒரு பார்வை எனக்குப் போதும். நிற்கிற வண்டி ஆடி ஒடிந்தது என்று சொன்ன வாய்க்கு உள்ளே இருந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதல் சத்தத்திலிருந்தே தெரிந்திருந்தது.

"எனக்கு முதுகு புடிச்சிருக்குது," என்றார். "மாப்ளையே ஓட்டட்டும். நான் பின்னால அம்பாசிடர்ல வாரேன்."

"முதுகு எப்பப் புடிச்சுதுங்க?" என்றேன். "காத்தால கன்னுக்குட்டியத் தூக்கி அக்கட்ட உட்டீங்களே?"

"அப்பப் புடிச்சதுதான்."

பெரியம்மா ஒருத்தி, "உடையவன் ஓட்டறதுதான் மொறை சாமி, மெதுவா ஓட்டீட்டு வா," என்றாள். "கொஞ்ச தூரம்தான?" என்றார் இன்னொரு பெரியவர். அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு வளைந்து காட்டினார். ஏழு ஊர் தாண்டிப் பந்தயத்தில் என் தம்பி சாகலாம். ஏழு மைல் தாண்டிக் கோயிலுக்கு இவர் உருள முடியாது. வாழ்க்கையில் ஒரு மனிதன் இவ்வளவு சுருக்கமாகத் தன்னைச் சொல்லிவிட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தம்பிக்கும் தெரிந்தது. அவர் கண் போன வழியே அவன் கண்ணும் போனதை நான் பார்த்தேன். வண்டிக்குள் இறங்கினான். இஞ்சினைக் கிளப்பினான். அந்தக் கார் ஒருமுறை உறுமியது; கோழிகள் சிதறின. மெல்ல, ஒரு சாண், இரண்டு சாண் முன்னால் விட்டான். நான்கு பழமும் நசுங்கி மஞ்சள் சாறு மண்ணில் ஓடியது. அப்படியே நிறுத்தி, அணைத்துவிட்டு, எழுந்து வெளியே வந்தான். சாவியை அவருக்கு முன்னால் நீட்டினான்.

"பழம் நசுங்கியாச்சுங்க மாமா. இதுக்குமேல உடையவரே ஓட்டுங்க."

அந்தப் பெரியம்மா மட்டும் புரியாமல், "பையன் மொறை தெரிஞ்சவன்," என்று மெச்சிக்கொண்டாள்.

அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஓட்டவில்லை. வண்டியை நாலு பேர் ஷெட்டுக்குள் தள்ளினார்கள். ஒரம்பரைக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்டோம். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது: ஊட்டுல பொம்பளை பயந்துக்கிட்டா, அவ மனசு நோகக் கூடாதுன்னு பந்தயத்த நிறுத்திட்டேன். இன்றுவரை அந்தக் கதைதான் நடப்பில் இருக்கிறது. கேட்டவர்கள் அவருடைய பெருந்தன்மையை வியந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

கார் ஷெட்டில் நின்றது. யாரும் தொடவில்லை. ஆனால் மத்தியானங்களில் சத்தம் வந்துகொண்டிருந்தது. சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை, மறந்திருக்கும்போது ஒன்று. டிங். நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்; வாயருகே போன கவளம் ஒரு நொடி நிற்கும்; உள்ளே போகும். "ரசம்," என்பார். ஊற்றுவேன். போய்ப் பார்த்தால் சக்கரத்தடியில் இன்னொரு மோதிரம் உருண்டு கிடக்கும். ஓடாத வண்டி, உட்காராத ஆள், சுற்றாத சக்கரம். வெள்ளிக்காசு சுற்றுகிற மாதிரி தெரிய வேண்டும் என்றாரே, அவ்வளவும் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பொறுக்கி ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு, அவர் செருப்பு விடுகிற இடத்தில் வைத்தேன். அவர் செருப்பை வேறு இடத்தில் விடத் தொடங்கினார்.

தம்பி அந்தச் சோற்றை அதிக நாள் சாப்பிடவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஒன்றில் டிரைவர் வேலை பார்த்துக்கொண்டான். ஆந்திரா, அதற்கும் வடக்கே, பாறை எங்கே இருக்கிறதோ அங்கே. புறப்பட்ட அன்று காலை ரிக் லாரி எங்கள் வாசலில் வந்து இடித்துக்கொண்டு நின்றது. மேலெல்லாம் சேறும் கிரீஸும், பொட்டுக்குக்கூட இடமில்லாத அசிங்கமான வண்டி. அதன் சக்கரங்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஸ்டட் ஒவ்வொன்றும் அப்பா கடை நிறம்.

ஒரு தூக்கில் கட்டுச்சோறு கொடுத்தேன். ஒடிந்த துண்டுகளில் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உள்ளே போய் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாதே. எங்களில் வெறுத்தாலும் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். அவர் முன்அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தம்பி வாசற்படியில் கால் வைக்காமல் நின்றான்.

"போயிட்டு வாரேனுங்க மாமா."

தாள் இறங்கவில்லை. தாளுக்குப் பின்னாலிருந்து, பெரிய மனுஷக் குரலில், அக்கறை சொட்டச் சொட்ட வந்தது.

"பாத்துப் போ மாப்ள. தூர தேசம். ரிக்கு வண்டியில ஸ்டட்டு கிஸ்டட்டு எல்லாம் நல்லா கெட்டியா இருக்குதான்னு பாத்துக்கோ."

"கருப்பா இருக்குதுங்க மாமா, அது போதும். வாரேனுங்க."